நகரப் போக்குவரத்தும் வர்க்க நலனும்: அண்மைக்கால ஆய்வுகள் பற்றிய ஒரு நோக்கு

நகரப் போக்குவரத்து என்பது பொறியியலாளர் தம்முள் ஆராய்ந்து தீர்க்கவேண்டிய ஒரு தொழில்நுட்பப் பிரச்சினை என்னும் எண்ணம் எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. வீதி ஒடுக்கமானது, வண்டிகள் பெருகிவிட்டன, ஆகவே வீதியை அகலப்படுத்த வேண்டும் என்பதே பொதுவாக முன்வைக்கப்படும் தருக்கமாகும். ஆயின், இத்துறையில் அண்மைக்காலத்தில் வெளிவந்த ஆய்வுகளையும் அவற்றையொட்டி எழுந்த கொள்கைகளையும் தொகுத்து நோக்குமிடத்து, பிரச்சினையின் கரு வேறிடத்தில் உள்ளமை புலனாகும். நகரின் வீதி அளவிறந்ததன்று. அதனை எவ்வர்க்கத்தினர் எவ்வளவுக்குப் பயன்படுத்துகின்றனர், அதற்கான செலவை யார் சுமக்கின்றனர் என்பனவே அடிப்படை வினாக்கள். இக்கட்டுரையில் இவ்விரு வினாக்களையும் சில திட்டவட்டமான உதாரணங்கள் கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

இவ்வாறு நோக்குவது புதியதொன்றன்று. 1845இல் வெளியான தமது நூலில் மான்செஸ்டர் நகரை விவரித்த ஏங்கெல்ஸ், செல்வர்கள் தமது வதிவிடங்களிலிருந்து வணிக மையத்துக்குச் செல்லும் பெருவீதிகளின் இருமருங்கும் கடைகள் வரிசையாக நின்று, பின்னாலுள்ள தொழிலாளர் குடியிருப்புகளின் அவலத்தை மறைத்தமையைச் சுட்டிக்காட்டினார். போக்குவரத்துத் தொழில் விற்பது ஒரு பண்டத்தையன்று, இடமாற்றத்தையே என்பதையும், அது உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்பட்டு விடுகிறது என்பதையும் மார்க்ஸ் 'மூலதனம்' இரண்டாம் பாகத்தில் விளக்கினார். நாளாந்தம் தொழிலாளியைத் தொழிற்சாலை வாயிலுக்குக் கொண்டு சேர்க்கும் பயணம் உழைப்புச் சக்தியின் மறுவுற்பத்தியோடு பிணைந்தது. எனவே அதன் செலவு யாரைச் சாரவேண்டும் என்பது அரசியற் பொருளாதார வினாவேயாகும்.

முதலில் வீதி அகலிப்பை எடுத்துக்கொள்வோம். உச்ச நேரத்தில் விரைவுவீதியொன்றிற் சேரும் வண்டிகள் அவ்வீதியின் கொள்ளளவை நிரப்பும்வரை பெருகும் என அமெரிக்கப் பொருளியலாளர் அந்தனி டௌன்ஸ் 1962இலேயே எடுத்துரைத்தார். அரை நூற்றாண்டின் பின்னர், 2011இல், கில் டுரான்டனும் மத்தியூ டேர்னரும் அமெரிக்க நகரங்களின் தரவுகளைக் கொண்டு இதனை நுணுகி ஆராய்ந்தனர். மாநிலங்களிடைப் பெருந்தெருக்களின் நீளம் எவ்வீதத்தில் அதிகரித்ததோ, ஏறக்குறைய அதே வீதத்தில் அவற்றில் வண்டிகள் ஓடிய தூரமும் அதிகரித்தது என்பது அவர்களது முடிபு. புதிய வீதி புதிய வண்டிகளை ஈன்றெடுக்கிறது. அதே ஆய்வின் மற்றொரு முடிபும் மனங்கொள்ளத்தக்கது. பொதுப் போக்குவரத்தை விரிவாக்குவதால் மட்டும் மொத்த வண்டியோட்டம் குறைந்துவிடுவதில்லை. பேருந்துக்கு மாறியவர் விட்டுச்சென்ற இடத்தை இன்னொருவரின் கார் நிரப்பிவிடுகிறது. ஆகவே, எவருடைய நலனையும் தொடாமலே நெரிசலைத் தீர்த்துவிடலாம் என்னும் நம்பிக்கைக்கு இவ்வாய்வில் இடமில்லை.

இந்நிலையிலேயே வீதிக்கு விலை விதித்தல் என்னும் கொள்கை முக்கியத்துவம் பெறுகிறது. நெரிசல் மிக்க வேளையில் வீதியைப் பயன்படுத்துவோர், தாம் பிறருக்கு விளைவிக்கும் தாமதத்துக்கு ஈடாகக் கட்டணம் செலுத்த வேண்டும் என்னும் கருத்தை வில்லியம் விக்ரி 1950களிலேயே முன்வைத்தார். இதனை முதலிற் செயற்படுத்திய நகரம் சிங்கப்பூர் ஆகும். அங்கு 1975இல் அனுமதிச்சீட்டு முறையும், 1998இல் மின்னணு முறையும் நடைமுறைக்கு வந்தன. இலண்டன் மாநகரில் மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பெப்ரவரியில் நாளொன்றுக்கு 5 பவுண் கட்டணத்தை அறிமுகப்படுத்தினார். முதலாண்டில் நெரிசல் ஏறத்தாழ 30 சதவீதத்தாற் குறைந்தது. நிகர வருவாய் போக்குவரத்துக்கே செலவிடப்படல் வேண்டும் எனச் சட்டம் விதித்தமை இங்கு முக்கியமானது. எனினும் மேற்குப்புற விரிவாக்கம் 2007இல் ஏற்படுத்தப்பட்டு, ஆட்சி மாறிய பின்னர் 2011 தொடக்கத்தில் நீக்கப்பட்டது. கட்டணம் விதிக்கும் எல்லையை வகுப்பது அரசியற் பலமே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஸ்டொக்ஹோம் நகரின் அனுபவம் வேறொரு படிப்பினையைத் தருகிறது. அங்கு 2006 ஜனவரி முதல் ஜூலை வரை கட்டணம் பரீட்சார்த்தமாக அறவிடப்பட்டது. அதற்கு முன்னரே பேருந்துச் சேவைகள் பெருக்கப்பட்டிருந்தன. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஏறத்தாழ 20 சதவீதத்தாற் குறைந்தன. பரீட்சைக்கு முன் எதிர்ப்பே மேலோங்கியிருந்தபோதும், அவ்வாண்டு செப்டெம்பரில் நடந்த வாக்கெடுப்பில் நகரவாசிகளுட் பெரும்பான்மையோர் அதனை ஆதரித்தனர். மக்களது கருத்து நிலையானதொன்றன்று. நடைமுறை அனுபவத்தினூடாக அது மாற்றமுறுகிறது என்பதை இது காட்டும்.

நியூயோர்க்கில் இதற்கான சட்டம் 2019இல் நிறைவேறியது. கட்டணம் 2024 ஜூன் இறுதியில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஆளுநர் அதனை நிறுத்திவைத்தார். ஈற்றில் 2025 ஜனவரி 5ஆம் திகதி, மன்ஹாட்டனின் 60ஆம் வீதிக்குத் தெற்கே செல்லும் கார்களுக்கு 15 டொலருக்குப் பதிலாக 9 டொலர் விதிக்கப்பட்டது. இக்கட்டணம் ஏழைத் தொழிலாளரை நசுக்கும் என்பது எதிர்ப்பாளர் உரத்து எழுப்பிய வாதமாகும். ஆனால் மன்ஹாட்டன் மையத்துக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளருட் பெரும்பான்மையோர் சுரங்கப் புகையிரதத்திலும் பேருந்திலும் பயணஞ் செய்பவர்கள். காரில் வருவோரின் வசதிக்குத் தொழிலாளரின் பெயர் கவசமாகப் பயன்பட்டது. அதே வேளையில், விலை விதித்தல் தன்னளவில் முற்போக்கானது எனக் கொள்வதும் தவறாகும். 9 டொலர் செல்வருக்கு அற்பம். வேறு வழியின்றிக் காரில் வரும் கூலியாளருக்குப் பெருஞ்சுமை. விலை வீதியையும் ஒரு பண்டமாக்கிவிடுகிறது. திரட்டப்படும் பணம் எங்கு செல்கிறது என்பதே கொள்கையின் வர்க்கத்தன்மையைத் தீர்மானிக்கும் உரைகல்லாகும்.

இதன் மறுதலையான பரிசோதனை, பேருந்துக் கட்டணத்தை நீக்குதல் ஆகும். எஸ்தோனியத் தலைநகர் தாலின் 2013இல் தன் நகரவாசிகளுக்கும், லக்ஸம்பேர்க் 2020இல் நாடு முழுவதற்கும் இலவசப் பயணத்தை வழங்கின. எமக்கு அண்மையிலுள்ள உதாரணம் தமிழ்நாடு. 2021 மே மாதத்தில் அங்கு சாதாரண நகரப் பேருந்துகளிற் பெண்களுக்கு இலவசப் பயணம் நடைமுறைக்கு வந்தது. பின்னர் திருநங்கையருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் அது விரிவாக்கப்பட்டது. இதனாற் பெண்ணொருவர் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாவை மீதப்படுத்துகிறார் என அம்மாநிலத் திட்டக்குழு மேற்கொண்ட ஆய்வொன்று மதிப்பிட்டது. வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் செல்லும் பெண்ணின் வருவாயில் இது சிறு தொகையன்று.

இவ்விடத்து ஆய்வுமுறை பற்றியும் ஒன்று கூறல் தகும். மரபுவழிப் போக்குவரத்துக் கணிப்புகள் வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கும் அங்கிருந்து மீண்டும் வீட்டுக்குமாக அமையும் ஆணின் பயணத்தையே மாதிரியாகக் கொண்டன. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குச் சென்று, நோயாளியைப் பார்த்துத் திரும்பும் பெண்ணின் துண்டு துண்டான பயணங்கள் பல்வேறு தலைப்புகளிற் சிதறி மறைந்தன. ஸ்பானிய அறிஞர் இனெஸ் சாஞ்செஸ் தெ மதாரியாகா இவற்றைப் 'பராமரிப்புக்கான பயணம்' என ஒன்றுதிரட்டிக் கணித்தமை இத்துறைக்குக் கிடைத்த முக்கிய பங்களிப்பாகும். அளவிடப்படாத உழைப்பு கொள்கை வகுப்போர் கண்ணிற் படுவதில்லை.

இலவசப் பயணத்தையும் நாம் விமர்சன நோக்கோடு அணுகல் வேண்டும். தொழிலாளியின் பயணச் செலவை அரசு ஏற்கும்போது, குறைந்த கூலி கொடுக்கும் முதலாளிக்கும் அது மறைமுக மானியமாகிறது. மேலும், பேருந்துகளின் எண்ணிக்கை உயராதுவிடின், உரிமை ஏட்டளவில் நின்றுவிடும். பெண்கள் கூடி நிற்கும் தரிப்பிடங்களிற் பேருந்து நிறுத்தப்படாமற் செல்வதாக எழுந்த முறைப்பாடுகள் இதனை உணர்த்துகின்றன. ஆயினும், கணவனிடமோ தந்தையிடமோ கையேந்தாது வெளியே செல்லும் சுதந்திரத்தை இம்முரண்பாடுகள் பொய்யாக்கிவிட மாட்டா.

புதிய தொழில்நுட்பம் இவ்வினாக்களைத் தேவையற்றனவாக்கிவிடும் என்று இன்று பறைசாற்றப்படுகிறது. மின்சாரக் கார் புகையைக் கக்காது. ஆனால் பெற்றோல் கார் அடைத்த அதேயளவு இடத்தை அதுவும் அடைத்துக்கொள்ளும். சாரதியற்ற காருக்கும் இது பொருந்தும். மாறாக, சீனாவின் ஷென்சென் நகரம் 2017 இறுதிக்குள் 16,000க்கும் மேற்பட்ட தனது பேருந்துகள் அனைத்தையும் மின்மயமாக்கியது. ஒரே மின்கலம் ஓரிடத்தில் தனியார் சொகுசுக்கும் மற்றோரிடத்திற் பொதுச்சேவைக்கும் உதவுகிறது. கைத்தொலைபேசிச் செயலிகளின் கதையும் இத்தகையதே. ஊபர் சாரதிகள் சுயதொழில் புரிவோர் என்று அந்நிறுவனம் வாதிட்டது. அவர்கள் தொழிலாளர் உரிமைகளுக்கு உரித்துடையோர் என 2021 பெப்ரவரியிற் பிரித்தானிய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செயலியின் பின்னால் மறைந்திருந்த கூலி உறவை வெளிக்கொணர்ந்தது சாரதிகளின் போராட்டமேயாகும்.

எமது நாட்டின் வரலாறும் இவ்வெளிச்சத்தில் மீள்நோக்கற்பாலது. 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. பயணம் ஒரு பொதுத்தேவை என்னும் கோட்பாடு அன்று அரச கொள்கையானது. திறந்த பொருளாதாரத்தோடு, 1979இல், தனியார் பஸ்கள் மீண்டும் இடம்பெற்றன. கொழும்பையும் மாலபேயையும் இணைக்கவிருந்த இலகு புகையிரதத் திட்டம் 2020இற் கைவிடப்பட்டது. 2022இன் எரிபொருள் நெருக்கடியின்போது, தனியார் வண்டியை நம்பிய நகர் எத்துணை வலுவற்றது என்பதை நாம் அனைவரும் கண்டோம். இருந்தும், 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதிக்கு 2025இன் முற்பகுதியில் மீண்டும் அனுமதி வழங்கப்பட்டபோது, எத்தனை கார்கள், என்ன விலை என்னும் பேச்சு எழுந்த அளவுக்கு, எத்தனை பேருந்துகள் என்னும் பேச்சு எழவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுதான். வீதியை அகலித்தல், விலை விதித்தல், கட்டணம் நீக்கல், மின்மயமாக்கல் ஆகியவற்றுள் எதுவும் தன்னளவில் மக்கள் சார்பானதன்று. ஒவ்வொன்றும் வீதியென்னும் பொதுச்சொத்தை வர்க்கங்களுக்கிடையே ஏதோவொரு வகையிற் பங்கிடுகிறது. அப்பங்கீட்டைக் கணக்கிட்டு வெளிப்படுத்துவது ஆய்வாளர் கடமை. அதனை மாற்றியமைப்பது தரிப்பிடத்திற் காத்து நிற்கும் மக்களும் பேருந்தை ஓட்டும் தொழிலாளரும் ஒன்றிணைந்து ஆற்றவேண்டிய பணி. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் எதிரியாகக் காணும்வரை, வீதி காருக்கே உரியதாயிருக்கும்.