தட்டுவதை எல்லாம் படிக்கும் திருடன்!

மாதம் பிறந்ததும் ஊருக்குப் பணம் அனுப்ப, கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்கைத் திறந்து பாஸ்வேர்டைத் தட்டுகிறீர்கள். பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் ஒருவன் படித்துக் கொண்டிருக்கலாம்!

அவன்தான் 'கீலாகர்'. நீங்கள் தட்டும் எழுத்துகளை ஒன்று விடாமல் குறித்து, திருடனுக்கு அனுப்பும் புரோகிராம்.

வித்தை பழையது. மாஸ்கோ அமெரிக்கத் தூதரக டைப்ரைட்டர்களை 1984-ல் சோதித்தபோது, அடிக்கும் எழுத்தை ரேடியோவில் அனுப்பும் சோவியத் ஒற்றுக்கருவி உள்ளே இருந்தது.

கண்டுபிடிப்பது எப்படி?

கீபோர்டு ஒயர் கம்ப்யூட்டரில் சேரும் இடத்தைப் பாருங்கள். நடுவே விரல் அளவில் அன்னியத் துண்டு செருகியிருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் எதையும் தட்டாதீர்கள்.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஓடும் புரோகிராம்களின் பட்டியல் வரும். பட்டியலிலும் சிக்காமல் சில ஒளிந்திருக்கும். விண்டோசிலேயே உள்ள டிபெண்டரின் 'ஆப்லைன்' சோதனையை ஓட்டுங்கள். விண்டோஸ் விழிக்கும் முன்பே அது தேடிப் பிடிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும்.

சந்தேகம் தீரவில்லையா? முக்கியமான பைல்களைப் பத்திரப்படுத்திக் கொண்டு, விண்டோசை அழித்துப் புதிதாகப் போடுங்கள்.

பாஸ்வேர்டை வேறு நல்ல கம்ப்யூட்டரில் மாற்றுங்கள். அதே கம்ப்யூட்டரில் மாற்றினால் புதியதும் திருடன் கையில்தான்!

பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள். பாங்கிக்கும் சொல்லுங்கள்.