திமிங்கிலம் காணச் சென்றோம்

மட்டக்களப்பு வாவியிலே மீன் பாடும் என்பதை உலகம் அறியும். நிலாக் காலத்து இரவுகளிற் கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று அதனைக் கேட்டோர் இன்னுமொன்றையும் அறிவர். தோணி ஓடிக்கொண்டிருக்கும் வரை எதுவுங் கேளாது. வலிப்பதை நிறுத்தித் துடுப்பை நீரில் ஆழ்த்தி, அதன் மேல்நுனியிற் காதை வைத்தாற்றான் அம்மெல்லொலி ஏறிவரும். 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இங்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமேர்சன் தெனன்ற், படகின் மரத்திற் காதை ஒட்டி வைத்தபோது ஒலி பெருகியதென எழுதிவைத்துள்ளார். வாவிக்கரையினர் அறிந்த இச்சிறு உபாயமே பெருங்கடலிற் கைகொடுக்கும் என்பதைத் திருகோணமலைக்குச் சென்ற ஒரு நாட் பயணத்திலே கண்டோம்.

வாடை ஓய்ந்து சித்திரை பிறந்தால் கீழ்க்கரைக் கடல் பாய் விரித்தாற்போற் படுத்துவிடும். திருகோணமலைக்கு வெளியே திமிங்கிலங் காண அதுவே ஏற்ற காலம். அமிர்தகழி மாமாங்கேசுவரர் கோயில் வீதியிலிருந்து இரவு 2 மணிக்கு ஒரு வானிற் புறப்பட்டோம். பெரியவர்கள் ஐவர், சிறுவர் இருவர், இவர்களோடு 'நானும் வருவேன்' என்று ஒற்றைக்காலில் நின்ற ஒரு பெரியம்மா. பழையவர்களுக்கு இவ்வீதி மறக்கவொண்ணாதது. வழியிற் பல இடங்களில் ஆற்றையும் களப்பையும் பாதையிலேறித்தான் கடக்கவேண்டியிருந்தது. 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டு, மற்றைப் பாலங்களும் அமைந்தபின் அத்தொல்லை ஒழிந்தது. பிள்ளைகள் வாகரையிற் கண்ணயர்ந்து திருகோணமலையிலேதான் விழித்தார்கள். புட்டுப் பொதியை அவிழ்க்க முனைந்த பெரியம்மாவைப் படகுக்காரர் தடுத்து, "கரைக்கு வந்து சாப்பிடலாம் அம்மா" என்று சொல்லித் தேசிக்காய் ஒன்றைக் கையிற் கொடுத்தார். அதன் பெருமையைச் சிறிது நேரத்தில் எல்லோரும் உணர்ந்தோம்.

படகு சிறியது. பைபர் உடல், பின்புறம் ஓர் எஞ்சின். எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி மாட்டிய பின்னரே அதனை முடுக்கினார். கோணேசர் கோயில் நிற்கும் மலைமுனையைத் தாண்டியதும் நீரின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாயிற்று. கரைக்கு மிக அண்மையிலேயே கடலடி பெரும் பள்ளமாய் இறங்குவதே திருகோணமலையின் சிறப்பு. ஆழத்தை நாடும் பெரும் பிராணிகள் கரையருகே வருவதும் அதனாலேதான். படகேற அஞ்சுவோர் அம்மலைமுனையில் நின்றே, அதிர்ஷ்டமிருந்தால், தொலைவில் எழும் ஊதலைக் காணலாம்.

முக்கால் மணி நேரம் ஓடியபின் எஞ்சினை நிறுத்திவிட்டார். அலை படகைத் தட்டும் ஓசையன்றி வேறொன்றுமில்லை. இளையவன் பொறுமையிழந்து, "இன்னும் போகலாமே மாமா" என்றான். "அவசரப்படாதீங்க தம்பி. மூச்செடுக்க அது மேல வரத்தானே வேணும்" என்றார் அவர்.

வந்தது. கண்ணுக்கு முன்னே காதுக்குத்தான் வந்தது. கொல்லன் துருத்தியை ஒரே அமுக்காய் அமுக்கினாற்போல ஒரு பெருமூச்சு. திரும்பிப் பார்த்தால் இளந்தென்னை உயரத்துக்கு வெண்புகை. திமிங்கிலம் தலையால் நீரைப் பீச்சுவதாகப் பள்ளிப் படங்களிற் பார்த்தோமே, அது நீரூற்றன்று. அதன் சுவாசமே நீராவியாய் எழுகின்றது. நீலத் திமிங்கிலம் என்றார் படகுக்காரர். முதுகு உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டேயிருந்தது. இக்கடலிலுள்ள இனம் தென்துருவக் கடலிலுள்ளதைவிடச் சற்றுக் குறுகியதாம். அக்குறுகியதே 20 மீற்றருக்கு மேல்! பெரியம்மா இரு கைகளையும் கூப்பிவிட்டார்.

மூன்று மூச்சுத்தான் கண்டிருப்போம். எங்கிருந்தோ நான்கு படகுகள் இரைச்சலுடன் பாய்ந்து வந்தன. ஒன்று நேரே அதன் முன்னாற் குறுக்கிட்டது. திமிங்கிலம் வாலைக்கூடத் தூக்காது அமிழ்ந்தது. படகுகள் வட்டமிட்டன, படமெடுக்கும் கைகள் வெறுங்கடலை நோக்கி நீண்டு நின்றன. நம்மவர் ஒரு வார்த்தையும் பேசாமற் படகைத் திருப்பி, வெகுதூரம் வடக்கே கொண்டுபோய் மீண்டும் எஞ்சினை நிறுத்தினார்.

அக்காத்திருப்பிலே, படகிலிருந்த ஆசிரியர் ஒருவர் பழைய செய்தியொன்றைச் சொன்னார். 1982 முதல் 1984 வரை 'டியூலிப்' என்னும் 10 மீற்றர் நீளப் பாய்க்கப்பலொன்றில் ஹால் வைட்ஹெட் என்ற விஞ்ஞானியும் அவர் தோழர்களும் இக்கடலில் உலாவினர். அவர்கள் பின்தொடர்ந்தது சதுரத் தலையுடைய எண்ணெய்த் திமிங்கிலத்தை. அம்பர் தருவது இதுவே. 1,000 மீற்றருக்குக் கீழே, ஒளியே புகாத இருளில், 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டே இது கணவாயைப் பிடிக்கின்றது. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி, அவ்வொலியைக் கேட்டுக் கேட்டே இரவும் பகலும் அவர்கள் உடன்சென்றனர். நம் ஊர் மீனவர் துடுப்பிற் காதை வைத்ததற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

நீலத் திமிங்கிலமும் ஒலியாலேயே உறவாடுவது. மிகத் தாழ்ந்த அதன் குரல் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லவல்லது. அத்தகைய பிராணியின் வீட்டு முற்றத்தில் எஞ்சினை அலறவிடுவது எத்தகையது என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும். வேட்டையிலிருந்து இதற்கு விடுதலை கிடைத்துவிட்டது. 1979இற் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைச் சரணாலயமாக்கிற்று. ஆனால் இலங்கையின் தெற்கே கப்பற்பாதையில் மோதுண்டு இறப்பவை உள. 2022இல் எம்.எஸ்.ஸி. என்னும் பெருங் கப்பற் கம்பனி தன் கப்பல்களை மேலும் தெற்கே விலக்கி ஓட்ட முன்வந்தது. மற்றைக் கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் குளிர்நீரை நாடி நெடும்பயணஞ் செய்ய, நம் கடலில் உள்ளவை ஆண்டு முழுதும் வெப்பநீரிலேயே வாழ்வதை இலங்கையரான கலாநிதி ஆஷா டி வொஸ் எடுத்துக்காட்டியுள்ளார். ஆகவே இவற்றுக்கு ஒதுங்கிப்போக வேறு வீடில்லை.

அரை மணிக்குமேற் கழிந்தது. வெயில் சுட்டது, சிறுவர் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தனர். அப்போது, வலப்புறத்தே, அதே துருத்தி மூச்சு. இம்முறை எவரும் கூச்சலிடவில்லை. எட்டு முறை ஊதியது, எண்ணினோம். ஒன்பதாவதன்பின் முதுகை வளைத்து, இரு பனையோலை விரித்தாற்போன்ற வாலை முழுதாய் உயர்த்தி, நீர் சொட்டச் சொட்ட ஒரு கணம் நிறுத்தி, ஓசையின்றி இறங்கிற்று. அது இருந்த இடத்தில் நீர் கண்ணாடித் தட்டுப்போல வழுவழுப்பாய்க் கிடந்தது.

திரும்புகையில் துரத்திய படகுகளைப் பற்றிக் கேட்டோம். அவர் அவர்களைப் பழிக்கவில்லை. "விதி இருக்குது ஐயா. 2012இலேயே போட்டது. 100 மீற்றருக்குக் கிட்டப் போகப்படாது. ஆனால் ஏறுறவங்க, கிட்டப் போ, கிட்டப் போ என்றுதானே சொல்றாங்க. காணாட்டிக் காசைக் குறைச்சுத் தாறாங்க. எண்ணெய் விற்கிற விலைக்கு அவனும் என்ன செய்வான்?" என்றார்.

எனவே செல்ல விரும்புவோர் ஏறுமுன்பே சொல்லிவிடுதல் நன்று: துரத்தவேண்டாம், கண்டாலும் காணாவிட்டாலும் பேசிய பணம் முழுதும் தருவோம் என்று. விடியுமுன் கரைக்கு வந்துவிடவேண்டும். காற்றெழுந்தால் அலை புரளும், ஊதலும் கண்ணுக்குப் புலப்படாது. தொப்பியும் குடிநீரும் தேசிக்காயும் மறவாதீர்கள். புட்டைக் கரையிலேயே வைத்துவிட்டுச் செல்லுங்கள். திரும்பிவந்து உண்ணும்போது அதன் சுவையே வேறு.