கண்ட சாட்சியும் பிழைபடும்

"கண்ணாரக் கண்டேன்" என்று சாட்சி கூறிவிட்டால் வழக்கு முடிந்ததென நம்மவர் பலர் மனந்தளர்கின்றனர். அது தவறு. லண்டனில் 1896-ஆம் ஆண்டு அடால்ஃப் பெக் என்பவரை மோசடிக்காரர் எனப் பெண்கள் பலர் அடையாளங்காட்டினர்; அவர் ஏழாண்டுத் தண்டனை பெற்றார். 1904-இலும் அவ்வாறே குற்றவாளி எனப்பட்டார். பின்னரே மெய்யான குற்றவாளி அகப்பட்டான். அவ்வநீதி, 1907-இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் தோன்ற வழிகோலிற்று.

முன்பின் அறியாதவரை, அடையாள அணிவகுப்பின்றி, முதன்முறையாக நீதிமன்றத்திலேயே சுட்டிக்காட்டும் சாட்சியம் மதிப்பற்றதென, 1979-இல் கேரள வழக்கொன்றில் நம் உச்ச நீதிமன்றம் கூறிற்று. இவ்விதிக்கு விலக்குகளும் உண்டு.

அயலார் முகங்கள் ஒன்றுபோல் தோன்றுதல் மனித இயல்பு. கொல்கத்தாவில் அயலாராய் வாழும் நாம் இதனை மறத்தலாகாது. வெளிச்சம் இருந்ததா, எவ்வளவு நேரம் கண்டார், அணிவகுப்புக்கு முன்பே முகம் காட்டப்பட்டதா என வழக்கறிஞரை ஆராயச் சொல்வோமாக.

செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்துக் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாட 60 நாட்களே தவணை. மரண தண்டனையாயின் 30 நாட்கள். பொருளில்லையே என்று வாளாவிருத்தல் வேண்டா. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலிலுள்ளோர் இலவசச் சட்ட உதவி பெற உரியவர். துயரத்தில் நாட்களைக் கழியவிடாது, தீர்ப்பு நகலை உடனே பெறுவோமாக.