கணக்கில் தெரியும் மூளை

மாமல்லபுரத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கல்பாக்கம். பெயரைக் கேட்டதும் அணு உலைதான் நினைவுக்கு வரும். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் மனித மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியும் இருக்கிறது. அதைப் பற்றி இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டும்.

ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒருசேர இயங்கும்போது மின்னோட்டம் உண்டாகிறது, கூடவே காந்தப்புலமும். மண்டையோட்டைத் தாண்டி வெளியே வரும் அந்தப் புலம் பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு மெலிந்தது. அதைப் பிடிப்பது ஸ்க்விட் எனப்படும் மீக்கடத்தி உணரி. நியோபியத்தில் செய்யப்படும் இந்த உணரிகளைக் கல்பாக்கத்திலேயே உருவாக்கினார்கள். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் மூழ்கியிருந்தால்தான் அவை வேலை செய்யும். வெளியே ஒரு லாரி போனாலும் அளவு குழம்பிவிடும் என்பதால் காந்தத் தடுப்பு அறைக்குள்தான் சோதனை.

ஆனால் கருவி தருவது படமல்ல, எண்கள். வெளியே கிடைத்த எண்களை வைத்து, உள்ளே எந்த இடம் இயங்கியது என்று சொல்லியாக வேண்டும். ஒரே அளவுக்குப் பல விடைகள் பொருந்தும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே காட்டிவிட்டார். அதனால் அவரவர் எம்ஆர்ஐ படத்திலிருந்து தலையின் வடிவத்தைக் கட்டி, மூளையின் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எது பொருந்துகிறது என்று கணினி தேடுகிறது. வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடும் அறுவை மருத்துவருக்கு இந்த விடைதான் வழிகாட்டி.

சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் சவால் வேறு. கருவில் 14 முதல் 24 வாரம் வரையான 5 மூளைகளை, தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றிப் படமெடுத்தார்கள். மொத்தம் 5,132 சீவல்கள். 2024 டிசம்பரில் வெளியான அந்த வரைபடத் தொகுப்பின் பெயர் 'தரணி'.

படத்தில் ஒரு புள்ளி அரை மைக்ரான். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டரில் 40 கோடி புள்ளிகள். சுருக்காமல் சேமித்தால் சுமார் 1.2 ஜிபி. நகம் அளவு திசுவுக்கே ஒரு முழு சினிமா பிடிக்கும் இடம்! சேமித்தால் மட்டும் போதாது. அரிந்த வாழைத்தண்டைத் திரும்ப அடுக்கி முழுத் தண்டாக்குவதுபோல, சுருங்கியும் கிழிந்தும் போன சீவல்களைக் கணினி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்த வேண்டும். சாதாரண கணினி திணறும் இடம் இதுதான். அதனால்தான் ஆயிரக்கணக்கான கணக்குகளை ஒரே நேரத்தில் போடும் கிராஃபிக்ஸ் சிப்புகள் தேவைப்படுகின்றன.

தரணியை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பார்க்கும் பகுதி மட்டும் திரைக்கு வந்தால் போதும். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி விடுதியில் இருக்கும் ஒரு மாணவி, பிறக்காத குழந்தையின் மூளையில் ஒரு செல்வரை பெரிதாக்கிப் பார்க்க முடியும்.