ஒத்திவைத்த செயலாக்கமும் மாறிப் பிடிப்பும்

ஒத்திவைத்த செயலாக்கம் என்பது, ஒரு தரவுத்தள வினவலை எழுதிய வரியிலேயே இயக்காமல், அதன் விடை தேவைப்படும் வரியில் இயக்கும் முறை ஆகும். மாறிப் பிடிப்பு என்பது, நிரலின் ஒரு சிறு பகுதி தனக்கு வெளியே உள்ள மாறியின் அப்போதைய மதிப்பை எடுத்துக்கொள்ளாமல், அந்த மாறியையே பற்றி வைத்துக்கொள்வது ஆகும். தனித்தனியே இரண்டும் பயனுள்ள வசதிகள். இரண்டும் ஒன்றுசேர்ந்து, இடையில் மாறியின் மதிப்பும் மாறிவிட்டால், பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே தவறான விடை வரும்.

சி ஷார்ப் மொழியில் இச்சிக்கல் பரவலாக அறியப்பட்டதற்கு லிங்க் என்னும் வசதி காரணம். நிரல்மொழிக்குள்ளேயே வினவல்களை எழுத உதவும் இவ்வசதி, 2007 நவம்பரில் டாட்நெட் 3.5 பதிப்புடன் வெளிவந்தது.

விளக்கம்

ஒரு தோல் நிறுவனத்தின் அலுவலகத்திலிருந்து கிடங்குக்குச் சீட்டு அனுப்புவதாகக் கொள்வோம். சீட்டில் "ஆம்பூர் லாட்டை விட்டுவிடு" என்று எழுதினால் அது மதிப்பு. "பலகையில் எழுதியுள்ள ஊரின் லாட்டை விட்டுவிடு" என்று எழுதினால் அது மாறி. கிடங்குக்காரர் சீட்டு கிடைத்த உடனே பலகையைப் பார்த்தால் குழப்பமில்லை. மாலையில் லாரி வந்த பிறகுதான் பார்ப்பார் என்றால், அதற்குள் பலகையில் வேறு ஊர் எழுதப்பட்டிருக்கலாம். அவர் மாலையில் பார்ப்பது ஒத்திவைத்த செயலாக்கம். சீட்டு பலகையைச் சுட்டுவது மாறிப் பிடிப்பு.

எடுத்துக்காட்டு

ஒரு நிறுவனத்தின் இருப்பில் குடியாத்தத்தில் 5, ஆம்பூரில் 4, வாணியம்பாடியில் 3, பேரணாம்பட்டில் 2 என மொத்தம் 14 லாட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். கடைசி மூன்று ஊர்களையும் தவிர்த்துப் பட்டியல் எடுக்க வேண்டும்.

வினவல் = இருப்பு
ஊர் என்ற மாறியை அறிவி
தவிர்க்கும் பட்டியலின் ஒவ்வொரு பெயருக்கும்:
    ஊர் = பெயர்
    வினவல் = வினவலில், லாட்டின் இடம் ≠ ஊர் என்பவை
வினவலின் விடையை அச்சிடு

எதிர்பார்த்த விடை 5 லாட்டுகள். கிடைப்பதோ 12. மடக்கு மூன்று முறை சுற்றி மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கிறது. ஆனால் மூன்றும் ஒரே மாறியைப் பிடித்திருக்கின்றன. அச்சிடும் வரியில் வினவல் இயங்கும்போது அந்த மாறியில் இருப்பது கடைசிப் பெயரான பேரணாம்பட்டு மட்டுமே. ஆகவே ஆம்பூர், வாணியம்பாடி லாட்டுகள் பட்டியலில் தங்கிவிடுகின்றன. பட்டியல் பார்ப்பதற்கு ஒழுங்காகவே இருப்பதால், தவறான லாட்டு லாரியில் ஏறும்வரை யாருக்கும் ஐயம் எழாது.

பெயருக்குப் பதிலாக வரிசை எண்ணைப் பயன்படுத்தும் மடக்கில், சுற்று முடிந்ததும் எண் பட்டியலின் எல்லையைத் தாண்டி நிற்கும். அப்போது பிழைச்செய்தி வரும். ஆனால் அது தவறு உள்ள வரியைக் காட்டாமல் அச்சிடும் வரியையே காட்டும்.

வழுவைக் கண்டறிதல்

முதலில், வினவல் எந்த வரியில் உண்மையில் இயங்குகிறது என்று பார்க்க வேண்டும். மடக்கில் எடுத்தல், எண்ணுதல், பட்டியலாக மாற்றுதல் ஆகியவை வினவலை இயக்கும். நிபந்தனை சேர்த்தலும் வரிசைப்படுத்தலும் இயக்காது. எழுதிய வரிக்கும் இயங்கும் வரிக்கும் இடையில் எந்த மாறி மாறுகிறது என்று தேடினால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும்.

அடுத்து, தரவுத்தளத்துக்குச் செல்லும் எஸ்.கியூ.எல் கூற்றைப் பார்க்க வேண்டும். என்டிட்டி பிரேம்வொர்க் கோர் 5.0 பதிப்பிலிருந்து டூகொயரிஸ்ட்ரிங் என்ற செயல்முறை இதற்கு உதவுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் மூன்று ஊர்ப்பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே பெயர் இருந்தால், அதுவே மாறிப் பிடிப்பின் அடையாளம்.

விசுவல் ஸ்டுடியோவின் வழுநீக்கியில் ரிசல்ட்ஸ் வியூ பகுதியை விரித்தால் வினவல் அப்போதே இயங்கிவிடும். அங்கு காணும் விடை அந்தக் கணத்தின் மதிப்புக்கு உரியது. நிரல் தொடர்ந்து ஓடும்போது வேறு விடை வரலாம்.

லிங்க் வினவல் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மீண்டும் இயங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எண்ணிக்கையை ஒரு முறையும் பட்டியலை ஒரு முறையும் கேட்டால் தரவுத்தளத்துக்கு இரண்டு பயணங்கள். இடையில் புதிய லாட்டு பதிவானால் இரண்டும் பொருந்தாது.

திருத்தும் முறைகள்

* மடக்கின் உள்ளேயே புதிய மாறி ஒன்றை அறிவித்து, மதிப்பை அதில் படியெடுத்து, நிபந்தனையில் அதைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி மாறி கிடைக்கும்.
* தவிர்க்கும் ஊர்களை ஒரே பட்டியலாக வைத்து, "இப்பட்டியலில் இல்லாதவை" என ஒரே நிபந்தனை எழுதலாம். மடக்கே தேவைப்படாது.
* டூலிஸ்ட் கொண்டு வினவலை உடனே இயக்கிவிடலாம். ஆனால் மடக்கின் உள்ளே இதைச் செய்தால், வடிகட்டி முடியாத வரிசைகள் எல்லாம் நினைவகத்துக்கு வந்துவிடும். பெரிய அட்டவணையில் இது நிரலை மந்தமாக்கும்.

பிற மொழிகளில்

சி ஷார்ப்பின் ஃபார்ஈச் மடக்கில் தொடக்கத்தில் எல்லாச் சுற்றுகளுக்கும் ஒரே மாறிதான் இருந்தது. 2012 இல் வெளிவந்த 5.0 பதிப்பில் சுற்றுக்கு ஒரு மாறி என மாற்றப்பட்டது. வரிசை எண் கொண்ட ஃபார் மடக்கு மாற்றப்படவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் 2015 இல் லெட் அறிவிப்பின் மூலமும், கோ மொழி 2024 பிப்ரவரியில் 1.22 பதிப்பிலும் இதே தீர்வை ஏற்றன. ஜாவா 8, மதிப்பு மாறாத உள்ளக மாறிகளை மட்டுமே பிடிக்க அனுமதிப்பதால், மேற்கண்ட நிரலை நிரல்பெயர்ப்பியே மறுத்துவிடும். பைத்தானில் லாம்டாக்கள் இன்றும் மாறியையே பிடிக்கின்றன.

பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் வினவல் ஒத்திவைக்கப்பட்டாலும், வடிகட்டிக்குக் கொடுக்கும் ஊர்ப்பெயர் அந்த வரியிலேயே மதிப்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. எனவே அதே மடக்கை ஜாங்கோ வடிகட்டியுடன் எழுதினால் 5 லாட்டுகளே வரும். ஒத்திவைப்பு மட்டும் இருந்து மாறிப் பிடிப்பு இல்லாவிட்டால் இவ்வழு தோன்றாது என்பதற்கு இது சான்று.