பாக்கெட் தொலைஞ்சா என்ன செய்யணும்?

ரயில்ல போறப்போ போன் சிக்னல் விட்டு விட்டு வரும். "ஹலோ, கேக்குதா?"ன்னு கேப்போம். பதில் வராது. மறுபடி "ஹலோ"ன்னா, அதே நேரத்துல அந்தப் பக்கமும் "ஹலோ". யாராவது ஒருத்தர் கொஞ்சம் சும்மா இருந்தாத்தான் பேச்சு நடக்கும். இன்னிக்கு விஷயமும் அதுதான்.

இணையத்தில் டேட்டா சின்னச் சின்ன பாக்கெட்டா போகுது. வழியில எது வேணா தொலையலாம். அதனால டிசிபி, அனுப்புற டேட்டாவுக்கு வரிசை எண் போடும். "வந்துடுச்சு"ன்னு எதிர்ப்பக்கம் ஒப்புதல் அனுப்பணும். வரலைன்னா, திரும்ப அனுப்பு. அவ்வளவுதானேன்னு நானும் முதல்ல நினைச்சேன். ஆனா எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? ரொம்ப காத்திருந்தா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கும். அவசரப்பட்டா, தொலையாத பாக்கெட்டுக்கும் நகல் போகும். ஏற்கனவே நீண்டு கிடக்கிற வரிசை இன்னும் நீளும்.

1986 அக்டோபர்ல இது நிஜமாவே நடந்தது. அமெரிக்காவில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே சுமார் 400 கெஜம் தூரம்தான். நொடிக்கு 32,000 பிட் போன இடத்துல வெறும் 40 பிட்! நெரிசல்ல பாக்கெட் தாமதமாக, எல்லாரும் திரும்பத் திரும்ப அனுப்ப, நெரிசல் இன்னும் ஏறிடுச்சு.

வான் ஜேக்கப்சனும் மைக்கேல் கேரல்ஸும் இதை ஆராய்ந்து, 1988-ல் தீர்வை வெளியிட்டாங்க. பாக்கெட் தொலைஞ்சா அது நெரிசலுக்கான அறிகுறி, வேகத்தைக் குறை. மெதுவா ஆரம்பிச்சு ஏத்து. காத்திருக்கும் நேரத்தையும் ஊகிக்காம, அளந்து முடிவு பண்ணு.

இன்றைய விதிப்படி, போய் வர ஆகும் சராசரி நேரத்தோட, ஏற்ற இறக்கத்தின் 4 மடங்கைக் கூட்டணும். செயற்கைக்கோள் இணைப்புல சராசரி 600 மில்லிநொடி, ஏற்ற இறக்கம் 150-ன்னு வைங்க. 1,200 மில்லிநொடி காத்திருக்கணும். அப்பவும் பதில் இல்லையா? திரும்ப அனுப்பிட்டு, இந்த முறை இரட்டிப்பு நேரம் காத்திருக்கணும்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. திரும்ப அனுப்பின பாக்கெட்டுக்கு ஒப்புதல் வந்தா, அது முதல் பிரதிக்கா, ரெண்டாவதுக்கா? தெரியாது. அதனால அந்த அளவைக் கணக்குல சேர்க்கக் கூடாது. 1987-ல் ஃபில் கார்னும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் சொன்ன விதி இது.

ஆப் எழுதுறவங்களுக்கு ஒரு வார்த்தை. சர்வர் திணறும்போது எல்லா போனும் நொடிக்கொரு தடவை ரீட்ரை அடிச்சா, அது எழுந்திருக்கவே முடியாது. ஒவ்வொரு முறையும் இடைவெளியைக் கூட்டுங்க. எல்லாரும் ஒரே நொடியில வந்து மோதாம இருக்க, அதுல கொஞ்சம் ரேண்டமும் சேருங்க. சில ரீட்ரைக்கு அப்புறம் நிறுத்திட்டு, யூசர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க.