நினைவகத்தின் எல்லையும் பழைய மலர்களும்

ஏட்டுச் சுவடிகளைக் கறையான் அரித்தது. அச்சு நூல்களை ஈரமும் தீயும் அழித்தன. கணினியிற் பொறித்த எழுத்துக்கு இத்தகைய அழிவு இல்லையெனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று.

பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ முதலிய மலர்கள் முன்னாளில் ஈய எழுத்துக் கோத்து அச்சிடப்பட்டவை. 1990ஆம் ஆண்டுகளிலே, இலங்கையின் பிற நகரங்களிற் போலக் கண்டியிலும், கணினி வழி அச்சுக்கோப்பு பரவலாயிற்று. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகிய பணிசெயல் முறைமைகளில், பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளும் பாமினி போன்ற எழுத்துருக்களும் வழங்கின. பாமினியில் தமிழெழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் அமர்ந்தவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாய்த் தோன்றும். பக்க அமைப்பும் குலையும். ஆதலின், பழைய கோப்பைப் பழைய முறைமையிலேயே திறத்தல் நன்று. அதற்குற்ற வழி மெய்நிகர் இயந்திரமாகும்.

மெய்நிகர் இயந்திரமாவது, ஒரு கணினிக்குள் மென்பொருளாற் படைக்கப்படும் மற்றொரு கணினி. 1972இல் ஐ.பி.எம். நிறுவனம் பெருங்கணினிகளுக்கு அளித்த இவ்வசதியை, 1999இல் விஎம்வெயர் நிறுவனம் மேசைக் கணினிகளுக்கும் அளித்தது. புறக்கணினியை இல்லத்தார் என்றும், அகத்தே இயங்குவதை விருந்தினர் என்றும் கொள்க. விருந்தினருக்குத் தனி நினைவகம் இல்லை. இல்லத்தாரின் பங்கிலிருந்தே பெறவேண்டும்.

இனி, எல்லை எவ்வாறு தோன்றுகின்றது? கண்டித் திருகோணமலை வீதியில் வீட்டிலக்கத்தை இரண்டு இலக்கங்களால் மட்டுமே எழுதலாமென விதித்தால், நூறு வீடுகளுக்கு மேல் எண்ணிட இயலாது. அவ்வாறே 32 பிற்று முகவரியால் 4,29,49,67,296 இடங்களையே சுட்டலாம். அது 4 கிகாபைற்று ஆகும். அம்முகவரிகளிலும் ஒரு பகுதியைத் திரை முதலிய உறுப்புகள் கொள்ளுமாதலால், விண்டோஸ் எக்ஸ்பி முதலியவற்றிற் பெரும்பாலும் 3 முதல் 3.5 கிகாபைற்றே பயன்படும். மேலும், 32 பிற்று விண்டோஸ் ஒவ்வொரு நிரலுக்கும் பொதுவாக 2 கிகாபைற்று முகவரியையே வழங்கும். மெய்நிகர் இயந்திர மென்பொருளும் ஒரு நிரலாதலின், சில மென்பொருள்களில் விருந்தினருக்கு அதனினுங் குறைவாகவே கிட்டும். புதிய நினைவகச் சில்லுகளை வாங்கிப் பொருத்தினும் இவ்வெல்லை நீங்காது; 64 பிற்று முறைமையே நீக்கும்.

விருந்தினருக்கும் ஓர் எல்லையுண்டு. விண்டோஸ் 98க்கு 512 மெகாபைற்றுக்கு மேல் அளிப்பின், அதன் இடைத்தேக்கப் பகுதி முகவரிகளை மிகையாகக் கவர்ந்துகொள்ளும். அப்போது, மிகுதியாகப் பெற்றதனாலேயே அது ‘நினைவகம் போதாது’ என முறையிடும்! 128 அல்லது 256 மெகாபைற்று அதற்குச் சாலும். எக்ஸ்பிக்கு 512 மெகாபைற்று அமையும். 2 கிகாபைற்று கொண்ட பழைய கணினியிலும் இவ்வளவை அளித்து, எஞ்சியதை இல்லத்தாருக்கு விடலாம்.

விண்டோஸ் 98க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006இலும், எக்ஸ்பிக்கானவை 2014இலும் நின்றன. ஆகவே விருந்தினரை இணையத்தோடு இணைத்தலாகாது. கோப்பைத் திறந்தவுடன் பக்கங்களைப் பீடிஎப் வடிவிலும், எழுத்தை யுனிகோட்டிலும் மாற்றிவைத்தல் வேண்டும்.

மலைநாட்டின் ஈரக்காற்றில் நெகிழ்வட்டுக்களிற் பூஞ்சணம் படர்வது எளிது. ஆசிரியரின் கட்டுரையும் மாணவரின் முதற் கவிதையும் அவற்றுள் உறங்குகின்றன. கணினியின் நினைவக எல்லையை அறிந்து பணிசெய்வோர், ஒரு கல்லூரியின் நினைவைக் காப்போராவர்.